வகுப்பறைக்கு வெளியே ஒரு வாரம்: வாசகர் கேள்விகள்

பாடப்புத்தகத்தை ஒரு வாரம் மூடி வைத்துவிட்டுக் கைவேலைக்கும் திறந்தவெளிக் கற்றலுக்கும் நேரம் ஒதுக்கும் பள்ளிகளின் ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

ஆறாம் வகுப்புக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. 14 செயல்பாடுகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டோம். பிள்ளைகள் 40 பேர். நேரத்தை எப்படிப் பிரிப்பது? (ஓர் ஆசிரியை)

பட்டியலில் பத்தை அடித்துவிடுங்கள். நான்கு போதும்.

ஓர் அமர்வு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல 10 நிமிடம், பொருட்களைக் கொடுக்க 10, கழுவித் துடைத்து எடுத்து வைக்க 15. மிஞ்சுவது 55 நிமிடம். முதல்முறை கைவைக்கும் பிள்ளைக்கு அதில் பாதி நேரம் பொருளோடு பழகவே போய்விடும். முதல் காகிதம் கிழியும், முதல் பட்டம் தலைகுப்புற விழும். “ஏன் இப்படி ஆச்சு?” என்று பிள்ளை தானாகக் கேட்பது அப்போதுதான். அந்த நேரம் பார்த்து மணி அடித்து அடுத்த செயலுக்கு அனுப்பிவிட்டால், கேள்வி பதிலில்லாமலே நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு செயலையும் ஒரே பிள்ளை இரண்டு தடவை, வெவ்வேறு நாளில் செய்ய வேண்டும். இந்த வாரத்தில் எதைக் குறைத்தாலும் இரண்டாவது தடவையைக் குறைக்காதீர்கள்.

பத்துப் பத்துப் பேராக நான்கு குழு. முதல் நான்கு நாளும் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என எட்டு அமர்வு. நான்கு செயல், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. கணக்குச் சரியாகிவிடும். ஒரு செயலின் இரண்டு அமர்வுக்கும் நடுவே ஓர் இரவாவது இருக்கட்டும். காய வேண்டியது காயும், யோசிக்கவும் நேரம் இருக்கும். வெயில் தேவைப்படும் செயலின் இரண்டு தடவையையும் அதற்கேற்ற நேரத்தில் போடுங்கள். ஐந்தாம் நாள் காலையை வெறுமனே விட்டுவையுங்கள். மழையால் தள்ளிப்போனது அதில் வந்து உட்காரும். மதியம் கண்காட்சி.

குச்சி நட்டு நிழலை அளந்தோம். 12 மணிக்கு நிழல் மிகக் குறைவாக இருக்கும் என்று சொல்லியிருந்தேன். இருக்கவில்லை. பிள்ளைகள் முன்னால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. (அறிவியல் ஆசிரியர்)

உங்கள் அளவை சரி, எதிர்பார்ப்புதான் தவறு. பிள்ளைகளிடம் அதையே சொல்லுங்கள்.

கடிகாரம் ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ பொதுவாக வைத்த நேரத்தைக் காட்டுகிறது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். பொது நேரத்துக்கு அடிப்படையான தீர்க்கரேகையிலிருந்து ஒரு பாகை மேற்கே போனால் உச்சி 4 நிமிடம் தாமதமாகும். கிழக்கே போனால் 4 நிமிடம் முந்தும். இதற்கு மேல், பூமியின் பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் ஆண்டு முழுவதும் இன்னொரு வித்தியாசம் வந்து சேரும். பிப்ரவரி நடுவில் சூரியன் சுமார் 14 நிமிடம் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முந்தும்.

‘எப்போது மிகக் குறைவு’ என்று நேரடியாகத் தேடினால் பிடிபடாது. உச்சி நெருங்கும்போது நிழலின் நீளம் மிக மெதுவாக மாறுவதால் கால் மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். வட்டம் போடும் முறை இதைவிட நம்பகமானது.

ஒரு மீட்டர் குச்சியைச் சமதளத்தில் நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துக் குச்சி செங்குத்தா என்று சரிபாருங்கள். காலை 10 மணி வாக்கில் நிழல் முனை எங்கே இருக்கிறதோ, குச்சியை மையமாக வைத்து அந்த இடம் வழியாக நூலால் ஒரு வட்டம் வரையுங்கள். நேரத்தைக் குறியுங்கள். நிழல் சுருங்கி வட்டத்துக்குள் போகும். பிற்பகலில் முனை மறுபடி வட்டத்தைத் தொடும். அந்த நேரத்தையும் குறியுங்கள். காலை 10:42, பிற்பகல் 1:50 என்று வந்தால் இடைவெளி 188 நிமிடம். அதில் பாதி 94. ஆகவே உச்சி 12:16. வட்டத்தில் தொட்ட இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் அது கிழக்கு மேற்கு. கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து குச்சிக்குப் போடும் கோடு வடக்கு தெற்கு.

நிழல் முனை மங்கலாக இருக்கிறது, எங்கே புள்ளி வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் மங்கும். குச்சியின் தலையில் ஓர் அட்டையை ஒட்டி, அதில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு, அட்டையைச் சூரியன் பக்கம் சற்றே சாய்த்துவிடுங்கள். அட்டை நிழலின் நடுவில் பளிச்சென்று ஒரு சிறு வட்டம் விழும். அது துளையின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். துளையைச் சதுரமாக வெட்டினாலும் பிம்பம் உருண்டையாகவே விழும். வெட்டிக் காட்டுங்கள், பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். அந்த வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்தால் சண்டை தீரும்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு நாள் நேர் உச்சிக்கு வரும். அந்த நாட்களை ஒட்டி நண்பகல் நிழல் ஏறக்குறைய மறைந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் அது எதிரெதிர்த் திசையில் விழும். அதனால் ‘நண்பகல் நிழல் வடக்கைக் காட்டும்’ என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். சூரியனை நேராகவோ லென்ஸ் வழியாகவோ பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே, கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தச் செயலுக்குத் தனி அமர்வு வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பேர் எழுந்து போய்ப் புள்ளி வைத்துவிட்டு வரட்டும்.

வெயிலில் இலை அச்சு எடுத்தோம். பாதிப் படம் கழுவும்போதே போய்விட்டது. மீதி மங்கலாக இருக்கிறது. எங்கே தப்பு? (ஓவிய ஆசிரியை)

நீங்கள் எடுத்தது சயனோடைப் எனப்படும் நீல அச்சு என்று எடுத்துக்கொள்கிறோம். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்த முறை. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளின் வடிவத்தை இதில் பதிக்கத் தொடங்கிவிட்டார். இது ஓவிய வகுப்புக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு தாவரவியலுக்கும் சொந்தம்.

அளவை முதலில் சரிபாருங்கள். 100 மில்லிலிட்டர் நீரில் 25 கிராம் பச்சைநிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். வேறொரு புட்டியில் 100 மில்லிலிட்டர் நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்து, பூசும் நாளில் மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். பாதிப் பக்கம் அளவுள்ள தாளுக்கு 2 மில்லிலிட்டர் போதும். 40 பேருக்கு ஆளுக்கு இரண்டு தாள் என்றால் 160 மில்லிலிட்டர். கலவை 200 இருக்கிறது. இதைக் கலப்பதும் பூசுவதும் கையுறை போட்ட ஆசிரியரின் வேலை. ஃபெரிசயனைடை அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. நச்சு வாயு வரலாம்.

கழுவும்போது படம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில் போதாமைதான். தாள் நீலமானதும் எடுத்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். மஞ்சள் கலந்த பச்சை முதலில் நீலமாகும், பிறகு அழுக்குச் சாம்பல் நிறத்துக்குப் போகும். அந்தச் சாம்பல் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் 5 முதல் 15 நிமிடம் ஆகலாம், மேகம் இருந்தால் இன்னும் கூடும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே வெயிலில் வைத்தாலும் கரைந்து போகும்.

மங்கலுக்குக் காரணம் இலை தாளோடு ஒட்டிக் கிடக்காததுதான். பறித்த இலையை ஒரு நாள் செய்தித்தாளுக்குள் வைத்துக் கனமான பொருளால் அழுத்துங்கள். அச்செடுக்கும்போது மேலே தெளிவான அக்ரிலிக் தகடு வைத்து நான்கு பக்கமும் கிளிப் போடுங்கள். கண்ணாடி வேண்டாம். தடித்த நரம்புள்ள இலையை நரம்புப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள். ஓரம் நன்றாகப் படியும்.

இலை இருந்த இடமும் நீலமாகிவிட்டதென்றால், தாள் பூசும்போதோ காயும்போதோ வெளிச்சம் பட்டிருக்கும், அல்லது கலவை முந்தின நாளுடையதாக இருக்கும். கழுவுவது வெறும் நீரில், மஞ்சள் இறங்குவது நிற்கும்வரை. சோப்பு நீரில் கழுவினால் நீலம் வெளுத்துவிடும். எடுத்தவுடன் வெளிறித் தெரிந்தால் கவலைப்பட வேண்டாம், ஒரு நாளில் நிறம் ஏறும்.

பழைய காகிதத்தைக் கூழாக்கிப் புதுக் காகிதம் செய்கிறோம். வலையிலிருந்து எடுத்தாலே கிழிகிறது. (நான்காம் வகுப்பு ஆசிரியர்)

வலையிலிருந்து நீங்கள் ‘எடுப்பது’தான் பிரச்சினை. ஈரத் தாளைக் கையால் உரிக்கக் கூடாது. ஈரத்துணியின் மேல் வலையைக் கவிழ்த்து, வலையின் முதுகில் பஞ்சால் ஒற்றி ஒற்றித் தண்ணீரை உறிஞ்சி, பஞ்சைப் பிழிந்து மறுபடி ஒற்றி, பத்துத் தடவைக்குக் குறையாமல் செய்த பிறகு வலையின் ஒரு மூலையை மெல்லத் தூக்குங்கள். தாள் துணியோடு தங்கிவிடும். தங்காமல் வலையோடு வந்தால் இன்னும் ஒற்ற வேண்டும் என்று அர்த்தம்.

மற்ற அளவுகள்: எழுதித் தீர்ந்த சாதாரண முழுப் பக்கத் தாள் ஒன்று சுமார் 5 கிராம், 20 தாள் 100 கிராம். அதைக் கையால் கட்டைவிரல் நக அளவுக்குக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கிழித்தால் ஓரத்தில் நார் பிசிறு நிற்கும், அந்தப் பிசிறுதான் ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும். பளபளப்பான அட்டைப்படத் தாள்களைத் தவிருங்கள். மேற்பூச்சில் உள்ள தாதுப்பொடி கூழைப் பலவீனமாக்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கைப்பிடி வீதம் மிக்ஸியில் அரை நிமிடம் அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால் நார் துண்டாகும்.

அகலத் தொட்டியில் 6 லிட்டர் நீர் ஊற்றிக் கூழைக் கலக்குங்கள். 20-க்கு 15 சென்டிமீட்டர் உள்ளளவில் இரண்டு மரச் சட்டம்; ஒன்றில் கொசுவலைக் கம்பியைத் தொய்வில்லாமல் இழுத்து அடித்து, மற்றதை அதன் மேல் வைத்துப் பிடிக்க வேண்டும். செங்குத்தாக இறக்கி, தண்ணீருக்குள்ளேயே படுக்கவைத்து, மட்டம் மாறாமல் தூக்குங்கள். நீர் வடியத் தொடங்கும் முதல் சில நொடிகளில் மட்டும் இட வலமாகவும் முன் பின்னாகவும் லேசாக ஆட்ட வேண்டும். நார் படிந்த பிறகு ஆட்டினால் ஓட்டை விழும்.

முதல் ஐந்து பேருக்கு நல்ல தாள், கடைசி ஐந்து பேருக்குச் சல்லடை என்று ஆவதற்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு தாளும் தொட்டியிலிருந்து கூழை எடுத்துக்கொண்டு போகிறது. மூன்று தாளுக்கு ஒருமுறை ஒரு குவளைக் கூழ் சேருங்கள். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கலக்கிவிட்டே சட்டத்தை இறக்குங்கள். 100 கிராமுக்கு இந்த அளவில் 20 தாள் வரை வரும். தாள்களைத் துணியோடு அடுக்கி, மேலே பலகை போட்டுப் பிள்ளைகளை 10 நிமிடம் ஏறி நிற்கச் சொல்லுங்கள். மிச்சக் கூழைத் துணியில் வடிகட்டி உருண்டையாகப் பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் பள்ளியில் மரமும் இல்லை, புல்லும் இல்லை. சிமென்ட் தளம்தான். திறந்தவெளிக் கற்றல் என்று எதைச் செய்வது?

சிமென்ட் தளத்தில் விரிசல் இருக்கும். அங்கேயே தொடங்கலாம்.

4 மீட்டர் கயிற்றை முடிந்து, நாலு மூலையிலும் கல் வைத்தால் ஒரு சதுர மீட்டர் கட்டம் கிடைக்கும். எங்கே வைப்பது என்று பிள்ளைகள் தேர்ந்தெடுக்கக் கூடாது, அழகான இடத்துக்கே போவார்கள். தளத்தின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் அளந்து, எண் எழுதிய சீட்டு இரண்டு எடுத்து, அந்த இடத்தில் வையுங்கள். குழுவுக்கு ஒரு கட்டம், கைக்கு ஒரு பூதக்கண்ணாடி, 20 நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. விரிசலில் மண் எவ்வளவு ஆழம் என்று ஊசி கொண்டு பார்க்கலாம். பாசி எந்தப் பக்கம் பச்சையாக இருக்கிறது, எறும்பு விரிசலோடு போகிறதா குறுக்கே போகிறதா, ஒரு நிமிடத்தில் எத்தனை எறும்பு ஒரு கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணலாம். முதல் ஐந்து நிமிடம் “ஒண்ணுமில்லை” என்பார்கள். அதைக் கேட்டுப் பதறி வேறு வேலை கொடுத்துவிடாதீர்கள்.

தளத்தில் ஒரு குவளை நீர் ஊற்றி, தேங்கிய ஓரத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது ஓரத்தை வரைவது இன்னொன்று. தண்ணீர் தரைக்குள் போயிற்று என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் ஒரே மாதிரித் தட்டு இரண்டில் 100 மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைத்து, மாலையில் அளந்து பார்க்கட்டும்.

மரத்தின் உயரத்தை ஏறாமல் அளக்க எளிய வழி?

சதுரத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள். குட்டைப் பக்கங்களில் ஒன்று செங்குத்தாகவும் மற்றது தரைக்கு இணையாகவும் இருக்கப் பிடித்து, நீண்ட பக்கத்தின் வழியே மர உச்சியைப் பாருங்கள். செங்குத்துப் பக்கத்தில் நூல்குண்டு கட்டித் தொங்கவிட்டால் சாய்வு தெரிந்துவிடும். உச்சி சரியாகத் தெரியும்வரை பின்னால் நகருங்கள். நின்ற இடத்திலிருந்து அடிமரம் வரை உள்ள தூரம், அதோடு பார்ப்பவரின் கண் உயரம்: அதுதான் மரத்தின் உயரம். தரை சரிவாக இருந்தால் கணக்குத் தப்பும். விரிந்த மரமென்றால் உங்கள் பக்கம் நீட்டிய கிளையை உச்சியென்று எண்ணி உயரத்தைக் கூட்டிவிடுவீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று உண்மையான உச்சி எது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

களிமண் பொம்மைகள் காய்ந்ததும் வெடிக்கின்றன.

காயும்போது களிமண் சுருங்கும். மெல்லிய கை சீக்கிரம் சுருங்கும், தடித்த உடம்பு மெதுவாகச் சுருங்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெடிக்கும். எல்லா இடமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனாக இருக்கட்டும், பெரிய உருவத்தின் உள்ளே குடைந்துவிடுங்கள். ஒட்டும் இரண்டு பக்கமும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, களிமண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி அழுத்தினால்தான் மூட்டு நிற்கும். வழவழப்பாக வர வேண்டுமென்று தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வெயிலில் வைக்காமல், துணி போர்த்தி நிழலில் மூன்று நாள் காயவிடுங்கள். இந்தச் செயலை வாரத்தின் முதல் நாளிலேயே தொடங்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

பட்டம் ஏறாமல் சுற்றிச் சுற்றி விழுகிறது.

60 சென்டிமீட்டர் முதுகுக் குச்சி, 50 சென்டிமீட்டர் குறுக்குக் குச்சி, மேலிருந்து 15 சென்டிமீட்டரில் கட்டு: இது பிள்ளைகள் கைக்கு ஏற்ற அளவு. வால் 3.5 மீட்டராவது வேண்டும். சுற்றினால் முதலில் வாலைக் கூட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம் அதிகம். முதுகுக் குச்சியின் இரு முனையையும் விரல்மேல் வைத்துப் பாருங்கள். தாழும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டினால் சமமாகும். ஏறாமல் பின்னால் இழுத்துக்கொண்டே நின்றால் சூத்திர முடிச்சை (பறக்கவிடும் நூல் பட்டத்தின் கட்டுநூலோடு சேரும் முடிச்சை) ஒரு விரற்கடை மேலே நகர்த்துங்கள். தலை முன்னால் கவிழ்ந்து துவண்டால் கீழே. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். மின்கம்பி இல்லாத திடல், சாதாரண நூல். இவை இல்லையென்றால் பட்டம் வேண்டாம்.

இடி, வெயில், பூச்சிக்கடி என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். என்ன ஏற்பாடு செய்து வைப்பது?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர சுமார் 3 நொடி. ஆக இடிமேகம் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே. மரத்தடி ஒதுங்குமிடம் அல்ல.

தண்ணீர் ‘தாகம் எடுத்தால் குடி’ என்று விடாமல், அரை மணிக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்திக் குடிக்கவையுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுத்து, குளிர்ந்த நீர்த்துணி வையுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடம்பெங்கும் தடித்தாலோ காத்திருக்காமல் அவசர மருத்துவ உதவி. எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது என்ற பட்டியல் வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு குழுத் தலைவர் பையிலும் இருக்க வேண்டும். அலுவலக அறை மேசையில் இருந்து பயனில்லை.

என் மகன் சேற்றைத் தொடவே மாட்டான். கட்டாயப்படுத்தச் சொல்லலாமா? (ஒரு தாய்)

வேண்டாம், அம்மா. கையுறை, குச்சி, கரண்டி எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். நேரம் குறிப்பவர், அளவு எழுதுபவர் என்ற பொறுப்பும் உண்மையான வேலைதான். முதல் தடவை குறிப்பெடுத்தவன் இரண்டாவது தடவை ஒரு விரலை நீட்டலாம், நீட்டாமலும் இருக்கலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் இதே கவனம் வேண்டும்: சதுர மீட்டர் கட்டத்தை மேசைமேல் வைத்த மண் தட்டிலும் போடலாம், காகிதத் தொட்டியை அவர் மடி உயரத்துக்கு ஏற்றலாம். அவரை ‘பார்வையாளர்’ ஆக்கிவிடக் கூடாது.

மதிப்பெண் உண்டா?

வேண்டாம். பிள்ளைக்கு ஒரு நோட்டு, நாளுக்கு மூன்று வரி: என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை, அடுத்த தடவை எதை மாற்றுவேன்.

கடைசி நாள் கண்காட்சிக்கு நல்லவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாமா? பார்க்க வருபவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஒவ்வொரு பிள்ளையுடையதும் இருக்க வேண்டும், இரண்டு தடவை செய்ததும் பக்கத்தில் பக்கத்தில். கிழிந்த காகிதம் இடப்பக்கம், கிழியாதது வலப்பக்கம். நடுவில் பிள்ளையே தன் கையெழுத்தில் எழுதிய ஒரு சீட்டு: “முதலில் மூன்று தடவைதான் ஒற்றினேன், பிறகு பன்னிரண்டு தடவை.” எழுத்துப்பிழையைத் திருத்தி மறுபடி எழுதவைக்காதீர்கள். ஓரம் வெட்டிச் சீர்செய்வது, நிறம் தீட்டி நிரப்புவது போன்ற கைவேலையை ஆசிரியர்கள் முந்தின நாள் மாலை உட்கார்ந்து செய்யவே கூடாது.

தொங்கவிடும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 120 சென்டிமீட்டரில் இருக்கட்டும். சிறு வகுப்பென்றால் 100. பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.